கணிப்பொறி இசை நிரல்கள்

வாத்தியமும் வாய்ப்பாட்டும் இன்றி, ஒலியலையை எண்களாகக் கணக்கிட்டு, அவ்வெண்களை மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கியில் இசையாகக் கேட்கச் செய்யும் நிரல்களும் நிரல் தொகுப்புகளும் இப்பெயரால் வழங்குகின்றன.

கணிப்பொறி பாட்டிசைத்தது இவற்றுக்கும் முந்திய செய்தி. 1951-இல் மான்செஸ்டரில் ஃபெராண்டி மார்க் 1 இயந்திரம் இங்கிலாந்தின் தேசிய கீதத்தை இசைத்ததை பி.பி.சி. ஒலிப்பதிவு செய்தது. ஆயினும் அது துடிப்புகளை ஒலிபெருக்கிக்கு அனுப்பி எழுப்பிய ஓசையேயன்றி, ஒலியலையின் வடிவத்தையே கணித்துப் படைத்த இசையன்று. அக்காரியத்தை 1957-இல் தொடங்கியவர், நியூ ஜெர்ஸியின் மர்ரே ஹில்லிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் பொறியியலாளராகவும், ஓய்வு வேளையில் வயலின் வாசிப்பவராகவும் இருந்த மாக்ஸ் மேத்யூஸ் ஆவார். ‘மியூசிக் 1’ என்ற அவரது நிரலைக் கொண்டு நியூமன் கட்மன் இயற்றிய ‘சில்வர் ஸ்கேல்’ 17 விநாடியே நீடிப்பது. ஒரே குரல், ஒரே முக்கோண அலை. அதில் மாதுரியத்தைத் தேடுபவர் ஏமாறுவார். கணக்கிட்ட ஐ.பி.எம். 704 இயந்திரம் நியூயார்க்கில் இருந்தமையால், எண்கள் பதிந்த காந்த நாடாவை மர்ரே ஹில்லுக்கு எடுத்து வந்து ஒலியாக மாற்றிய பின்னரே அதைக் கேட்க முடிந்தது.

உண்மையான திருப்பம் 1960-இல் ‘மியூசிக் 3’ உடன் வந்தது. அலையை எழுப்புவதற்கொன்று, கூட்டுவதற்கொன்று, ஒலி எழுந்து தணியும் வடிவத்தைத் தருவதற்கொன்று எனச் சிறு உபநிரல்களை மேத்யூஸ் தனித்தனியே வகுத்துவைக்க, இசையமைப்பாளர் அவற்றைத் தம் விருப்பம்போல் இணைத்துப் புதிய வாத்தியங்களைச் சிருஷ்டிக்கலாயினர். பின்வந்த இசை நிரல்களில் பெரும்பாலானவை இந்த யுக்தியின் வாரிசுகளே.

அலையெழுப்பும் உபநிரலின் வேலை எளியது. அலையின் ஒரு சுற்று 512 எண்கள் கொண்ட அட்டவணையாக இருப்பதாகக் கொள்வோம். விநாடிக்கு 44,100 மாதிரிகள் (அலையின் அளவைக் குறிக்கும் எண்கள்) என்னும் குறுந்தட்டு வீதத்தில், 440 அதிர்வுள்ள ஸ்வரம் வேண்டுமானால், நிரல் ஒவ்வொரு மாதிரிக்கும் அட்டவணையில் ஏறத்தாழ 5.1 இடம் நகர்ந்து, அங்குள்ள எண்ணை எடுத்துக்கொடுக்கும். முடிவை எட்டியதும் தொடக்கத்துக்குத் திரும்பும். அந்நடையை 10.2 ஆக்கினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

1968-இல் ‘மியூசிக் 5’ ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டதால், அது குறிப்பிட்ட ஓர் இயந்திரத்துக்கு மட்டும் அடிமைப்படாமல் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவிற்று. 1986-இல் எம்.ஐ.டி.யில் பாரி வெர்கோ இயற்றிய ‘சிசவுண்ட்’, வாத்தியங்களை வருணிக்கும் பகுதியை ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்றும், அவை வாசிக்க வேண்டியதைக் குறிக்கும் பகுதியை ‘ஸ்கோர்’ என்றும் பிரித்தது. பொருத்தமான பெயர்களே; ஆனால் வாசிப்பின் நடுவே மனம் மாறும் கலைஞனுக்கு அப்பிரிவினை அவ்வளவு இணக்கமானதன்று. இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நிரலைத் திருத்துவதற்கு இடங்கொடுத்த மொழிகளுள் முக்கியமானது, 1996-இல் ஜேம்ஸ் மெக்கார்ட்னி வெளியிட்ட ‘சூப்பர்கொலைடர்’.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாம் ஏரன் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய ‘சோனிக் பை’யில், ‘பிளே 60’ என்று ஒரு வரி எழுதி இயக்கினால் பியானோவின் நடு ஸி ஸ்வரம் எழும். அதற்குரிய எண்களைத் திரைக்குப் பின்னிருந்து கணக்கிடுவது சூப்பர்கொலைடரே.