எல்லை கடந்த கலையும் அரசின் பொருளுதவியும்

கலைக்கு எல்லையில்லை என்பர். ஆயின் கலைஞனுக்கு எல்லையுண்டு. அவ்வெல்லையிற் சுங்கச் சாவடியும் உண்டு. பயணச் செலவு, மண்டப வாடகை, மொழிபெயர்ப்பாளன் ஊதியம் ஆகிய யாவும் பணத்தை வேண்டி நிற்பன. முற்காலத்தில் மன்னரும் வணிகரும் சமய நிறுவனங்களும் இச்செலவைத் தாங்கினர். பல அரசுகள் ஒன்று கூடிக் குடிமக்களின் வரிப்பணத்திலிருந்து ஒரு நிதியம் அமைத்து, அயல்நாட்டாரோடு சேர்ந்து கலைப்பணி புரிவோர்க்கு அதனை வழங்கும் முறையோ அண்மைக் காலத்தது. அம்முறை வளர்ந்த வரலாற்றை ஐரோப்பாவிலே தெளிவாகக் காணலாம். பொருள் கொடுப்பவன் அதனோடு தன் கருத்தையும் திணிக்க முற்படுவானா என்னும் வினாவையும் அவ்வரலாறு நம்முன் வைக்கின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபொழுது ஐரோப்பிய நாடுகள் பொருளால் மட்டுமன்றி நம்பிக்கையாலும் வறுமையுற்றிருந்தன. 1949-இல் நிறுவப்பெற்ற ஐரோப்பிய மன்றம், 1954 டிசம்பர் 19-இல் பாரிசு நகரிற் பண்பாட்டு உடன்படிக்கையொன்றை உருவாக்கிற்று. ஒருவர் மொழியையும் வரலாற்றையும் மற்றவர் கற்க வழிசெய்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் 1957-இல் உரோமாபுரியிற் கைச்சாத்திடப்பட்ட பொருளாதார உடன்படிக்கையிற் பண்பாட்டுக்கென ஓர் அதிகாரம் வகுக்கப்படவில்லை. நிலக்கரி, உருக்கு, கோதுமை என்பனவே அன்று முன்னின்றன.

இந்நிலையில், எழுபது ஆண்டுகளுக்குள் மும்முறை போர் புரிந்த பிரான்சும் ஜேர்மனியும் தாமே ஒரு வழியை வகுத்தன. 1963 ஜனவரி 22-இல் டி கோலும் அடனவரும் செய்த உடன்படிக்கையின் பயனாக, அவ்வாண்டு ஜூலையில் இரு நாட்டு இளைஞர் அலுவலகம் தோன்றியது. அதன் செலவை இரு அரசுகளும் சரிபாதியாக ஏற்றன. இதுவரை 90 இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர் அதன் வாயிலாக ஒருவர் நாட்டை மற்றவர் கண்டுள்ளனர். 2003-இல், அவ்வுடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டு நிறைவின்போது கூடிய இரு நாட்டு இளைஞர் அவை, இரு நாட்டுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூலொன்று வேண்டுமெனக் கேட்டது. அந்நூலின் முதற் பகுதி 2006-இல் வெளிவந்தது. ஒரே உள்ளடக்கம் பிரெஞ்சிலும் ஜேர்மன் மொழியிலும் அச்சாயிற்று. இரு நாட்டாரின் நோக்குகள் வேறுபடும் இடங்களில், ஆசிரியர்கள் அவ்வேறுபாட்டை மறையாது எடுத்துக்காட்டினர். வரலாறு கற்பிக்கும் நம்மனோர்க்கு இந்நிகழ்ச்சி ஒன்றே பெரும் பாடமாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பண்பாட்டுப் பணி சட்டப்படி உரியதானது 1992-இல் மாஸ்ட்ரிக்ட் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கையாலேயே. அதன் 128-ஆம் உறுப்புரை இருவகையாற் கருதத்தக்கது. உறுப்பு நாடுகளின் பண்பாடுகள் மலர்வதற்கு ஒன்றியம் துணை செய்யலாம் என அது கூறிற்று. அதேவேளை, அத்துறையில் அந்நாடுகளின் சட்டங்களை ஒரே தன்மையாக்குதலைத் தடுத்தது. உதவி செய்யலாம், ஆணையிடலாகாது என்பதே அதன் சாரம். 2009-இல் லிஸ்பன் உடன்படிக்கை நடைமுறைக்கு வரும்வரை இத்துறைத் தீர்மானங்களுக்கு அமைச்சர் அவையின் ஒருமித்த இசைவும் வேண்டியிருந்தது. பண்பாட்டைப் பிறர் கையில் ஒப்படைக்க அரசுகள் எவ்வளவு அஞ்சின என்பதற்கு இதுவே சான்று.

அவ்வுறுப்புரையின் அடியாக மூன்று திட்டங்கள் எழுந்தன. கலை நிகழ்ச்சிகளுக்குக் கலைடாஸ்கோப், நூல்களுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அரியான், தொல்பொருட் பாதுகாப்புக்கு ரபாயேல் என்பன அவை. 2000-ஆம் ஆண்டில் இவை 'பண்பாடு 2000' என்னும் ஒரே திட்டமாயின. 2006 வரை அதற்கு 23 கோடி 65 இலட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது. 2007 முதல் 2013 வரையிலான அடுத்த திட்டம் 40 கோடி பெற்றது. 2014-இல் திரைப்படத் துறையையும் இணைத்து 'படைப்பு ஐரோப்பா' தொடங்கியது. அதன் தொகை 146 கோடி. 2021 முதல் 2027 வரையிலான திட்டத்துக்கு ஏறத்தாழ 244 கோடி வகுக்கப்பட்டது. இத்தொகைகள் நமக்குப் பெரியனவாகத் தோன்றினும், பல நாடுகளுக்கும் ஏழாண்டுகளுக்கும் பங்கிட்டு நோக்கின் சிறியனவே.

ஆகவே திட்டத்தின் வலிமையைத் தொகையில் அன்றி நிபந்தனையிலே தேடல் வேண்டும். தனியொரு நாட்டார் கூட்டுப்பணிக்கான உதவியைப் பெறுதல் இயலாது. 2014-இல் தொடங்கிய திட்டத்தின்படி, சிறு முயற்சிக்கு மூன்று நாடுகளின் நிறுவனங்களும் பெருமுயற்சிக்கு ஆறு நாடுகளின் நிறுவனங்களும் சேர வேண்டியிருந்தது. சிறு முயற்சிக்குச் செலவில் நூற்றுக்கு 60 வீதமும், பெருமுயற்சிக்கு 50 வீதமுமே உச்ச உதவியாயிருந்தது. எஞ்சியதை அவர்களே தேட வேண்டியிருந்தது. இதனால் ஒருவரையொருவர் அறியாத நாடகக் குழுவினரும் பதிப்பாளரும் கணக்குப் பார்க்கவும், கருத்து மாறுபடவும், பின்னர் உடன்படவும் பழகினர். விண்ணப்பப் பத்திரங்களின் பெருக்கம் சிறு குழுக்களுக்குச் சுமையாயிற்று என்னும் குறையும் உண்டு, அது நியாயமானதே.

முன்னர்க் கூறிய வினாவுக்குச் சோதனைக் காலம் 2016-இல் வந்தது. ஒட்டோமன் ஆட்சியில் 1915-இல் தொடங்கிய ஆர்மீனியர் படுகொலையைப் பொருளாகக் கொண்டு, ஜேர்மனியின் திரெஸ்டன் சிம்பனி இசைக்குழு 'அகேட்' என்னும் நிகழ்ச்சியை அமைத்திருந்தது. ஜேர்மானியரும் துருக்கியரும் ஆர்மீனியரும் முன்னாள் யூகோசிலாவிய நாட்டினரும் அதிற் கூடி இசைத்தனர். ஒன்றியம் 2 இலட்சம் யூரோ உதவியிருந்தது. ஒன்றியத்தின் உறுப்பு நாடன்றாயினும் துருக்கி அப்பொழுது திட்டத்திற் பங்காளியாயிருந்தது. நிகழ்ச்சிக்கு அளித்த உதவியை நிறுத்துமாறு அது வற்புறுத்தியது. ஒன்றியத்தின் ஆணையம் பணத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆயின் நிகழ்ச்சியைப் பற்றிய விவரத்தைத் தன் அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டது. அவ்வாண்டு முடிவில் துருக்கி திட்டத்தினின்று விலகியது.

இதில் வெற்றியும் தோல்வியும் கலந்துள்ளன. உதவி நிலைத்தது, இசை ஒலித்தது. ஆயினும் சொல்லைச் சற்றே மறைக்க முயன்றமை, ஆணையிடலாகாது என்ற கொள்கைக்கு இழுக்காயிற்று. அன்றியும், துருக்கி விலகியதால் எதிர்காலத்தில் வாய்ப்பிழந்தோர் அந்நாட்டுக் கலைஞரேயன்றி அதன் அமைச்சர் அல்லர். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்கி, 2021-இல் தொடங்கிய திட்டத்திற் சேராதபொழுதும் இழப்பு அத்தகையோர்க்கே நேர்ந்தது. அரசுகள் கதவடைக்கும்போது வெளியே நிற்பவர் பெரும்பாலும் கதவைத் திறக்கப் பாடுபட்டவரே.

எனவே இத்தகைய நிதியத்தை அளக்கும் கோல் யாது? எத்தனை விழாக்கள் நடந்தன என்பதன்று. பணம் தந்தோர்க்குக் கசப்பான உண்மையையும் கூடியிருந்து பேச அது இடமளித்ததா என்பதே. அவ்வளவுகோலால் அளப்பின், பிரான்சும் ஜேர்மனியும் ஆக்கிய பாடநூல் மேலோங்கி நிற்கும். தம் முன்னோரின் போர்களை அவ்விரு நாட்டு மாணவரும் ஒரே நூலிற் கற்கலாயினர். பொதுமக்களின் பணத்தை வழங்குதல் ஒன்று; எழுதப்படுவதை முடிவுசெய்தல் வேறொன்று. இவ்விரண்டையும் வேறாகக் காத்தலே அரசு கலைக்கும் கல்விக்கும் செய்யத்தக்க பேருதவியாகும்.