ஒன்றரைக் குடம் தண்ணீர்

கைப்பிள்ளையின் ஈரத்துணியை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ததாக எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பழந்துணி எத்தனை இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு தூரம், தாய் வேலையை விட்டு எப்போது வருவாள் என்பதை வைத்துத்தான் அது நடந்தது. கிராம சுகாதாரச் செவிலியராக இந்த ஊர்களில் தெருத் தெருவாக நடந்தவள் நான். எடை போட வேண்டுமென்றால் பிள்ளையின் துணியை அவிழ்த்தாக வேண்டும். தராசு முள் நிற்பதற்கு முன்பே எனக்குப் பாதி விவரம் தெரிந்துவிடும். தொடையிடுக்கு எண்ணெய் பட்டு மினுங்குகிறதா, வெந்து சிவந்திருக்கிறதா என்று பார்த்தே தாய் உள்ளூரில் களையெடுக்கிறாளா, மலைக்கு ஜீப் ஏறுகிறாளா என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்து தண்ணீர் இறங்கியபின் இந்தப் பள்ளத்தாக்கு இருபோக நாடானது. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் என்று இன்றைக்கும் கணக்குச் சொல்வார்கள். இருபோகம் என்றால் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் பெண்ணாள் வேண்டும். பெண்ணாள் வந்தால் கூடவே கைப்பிள்ளையும் வரும். வரப்பு மரத்தில் தூளி கட்டி, மூத்த பிள்ளையை ஆட்டச் சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். அந்தத் தூளியையே ஒருவகையில் அணையாடை எனலாம். பிள்ளைக்கு அரைஞாண் கயிற்றைத் தவிர வேறொன்றும் இருக்காது. மூத்திரம் பருத்திச் சேலை வழியாகக் கசிந்து மண்ணில் சொட்டும். சொட்டுவது கண்ணுக்குத் தெரிந்ததும் அக்காக்காரி, "யம்மா, பாப்பா ஒண்ணுக்குப் போயிருச்சு" என்று கத்துவாள். தூளிச் சேலையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஈரம் ஒதுங்கி உலர்ந்த பக்கம் வந்துவிடும். ஐந்தரை மீட்டர் சேலைக்கு அந்த வசதி உண்டு. ஆண்டிபட்டிப் பக்கம் டி.சுப்புலாபுரத்திலும் சக்கம்பட்டியிலும் தறி ஓடியதால் பருத்திச் சேலைக்கு இங்கே பஞ்சமில்லை. நைந்து நூலாகிப் போன சேலைதான் பிள்ளைக்கு உத்தமம் என்று தேடி வாங்குவார்கள். புதுத்துணி தோலை அறுக்கும்.

என் அம்மாச்சி பிள்ளையைக் காலில் உட்கார வைத்துத்தான் வெளிக்குப் போக வைப்பார். இரண்டு பாதங்களையும் சேர்த்து, நடுவில் சின்னப் பள்ளம் விட்டு, பிள்ளையின் முதுகு தன் கெண்டைக்காலில் சாயும்படி வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஒரு சத்தம் கொடுப்பார். பால் குடித்த கையோடு ஒருமுறை, தூங்கி எழுந்ததும் ஒருமுறை. வேளை தப்பாமல் உட்கார வைத்தால் பீத்துணி துவைக்கும் வேலையே பாதி குறையும் என்பார். பழக்கம் என்னவோ நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு முழுநேரமும் பக்கத்திலேயே ஓர் ஆள் வேண்டும். கூலிக்குப் போகிறவளுக்கு அந்த ஆள் எங்கிருந்து கிடைப்பாள்?

இந்தக் கேள்வி சர்க்கார் காதில் விழுந்தது ஆலைகள் வந்தபிறகுதான். 1929-இல் அமைந்து 1931-இல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைப்பதைக் குறித்து, பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அபினில் மயங்கிக் கிடக்கும் பிள்ளை நனைந்தால் அழாது. அழாத பிள்ளையின் துணியை யார் பார்க்கப் போகிறார்கள்? 1934-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கும்படி மாகாண அரசுகள் விதி செய்யலாம் என்று அனுமதித்தது. 1948-ஆம் வருடச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும், பயிற்சி பெற்ற பெண் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அதன் 48-ஆவது பிரிவு சொன்னது. பிள்ளைகளைக் கழுவவும் உடுப்பு மாற்றவும் வசதி செய்யச் சொல்லி விதி போடலாம் என்றும் அதே பிரிவில் இருந்தது. நாடாளும் சட்டத்தில் மூத்திரத் துணிக்கு இடம் கிடைத்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சட்டத்தையொட்டி வந்த மாதிரி விதிகளைப் படித்தால் எழுதியவர்கள் பிள்ளை வளர்த்தவர்களைக் கேட்டிருப்பார்கள் என்று தோன்றும். நான்கு பிள்ளைக்கு ஒரு தொட்டி அல்லது பாத்திரம், தினம் பிள்ளைக்கு ஐந்து காலன் தண்ணீர், சோப்பு, சுத்தமான மாற்றுத்துணி, துண்டு, அரை பைண்ட் பால். மாற்றுவது எத்தனை தடவை என்று மட்டும் ஒரு வரியும் கிடையாது. ஐந்து காலன் என்பது 23 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்றரைக் குடம். பீத்துணி ஒன்றைச் சோப்புப் போட்டு இரண்டு அலசு அலச எனக்கு அரை வாளியாவது வேண்டும். மூத்திரத் துணிக்கு அதில் பாதி போதும். பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சத்தில் மூன்று நான்கு தடவை மாற்றலாம். எட்டு மணி நேர ஷிப்டில் அது இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருதரம் என்று வருகிறது. இன்றைக்கு நகரத்துப் பிள்ளைக் காப்பகங்களில் சொல்கிற கணக்கும் ஏறத்தாழ இதுதான். விதி எழுதியவர் எண்ணிக்கையைத் தண்ணீருக்குள் ஒளித்து வைத்தார் என்றே நினைக்கிறேன்.

தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்து நூற்பாலைகளில் இது எப்படி நடந்தது என்பதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ஒரு மில்லில் (பெயர் வேண்டாம்) காப்பக அறையில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பஞ்சுச் சாக்கு அடுக்கியிருந்தது. கல்யாணமாகாத பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கும் ஆலைக்குத் தொட்டில் எதற்கு?

மலையில் கதை வேறு. சின்னமனூரிலிருந்து மேலேறினால் ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என்று மேகமலைத் தேயிலைக் காடுகள். 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 12-ஆவது பிரிவில் தோட்டங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தோட்டத்துக் காப்பகம் ஒன்றில் நான் பார்த்த ஆயாம்மா கெட்டிக்காரி. கொழுந்து பறிக்கப் போகும் தாய், பிள்ளையோடு ஒரு துணி மூட்டையும் கொடுத்துவிட்டுப் போவாள். எந்தத் துணி எந்தப் பிள்ளையுடையது என்று மூலையில் போட்ட கலர் நூல் தையலை வைத்து ஆயாம்மா பிரிப்பார். பச்சை நூல் பிள்ளைக்குச் சிவப்பு நூல் துணியைக் கட்டினால் அந்திக்குச் சண்டை வந்துவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மேகமலையில் வெயிலைப் பார்க்க முடியாது. கீழே சின்னமனூரில் ஆடிக்காற்று துணியைக் கொடியிலிருந்து பறித்துக்கொண்டு போகும்போது, மேலே நாள் கணக்கில் துணி காயாது. பால் காய்ச்சும் அடுப்புக்கு மேல் கயிறு கட்டி வாட்டுவார். துணியில் விறகுப் புகை வாசம் ஏறிக் கிடக்கும். மூட்டையில் காய்ந்த துணி தீர்ந்ததும் மாற்றுவது நிற்கும். அந்த மாதங்களில் மேலே போனால் துத்தநாகக் களிம்பு கூடுதலாக எடுத்துப் போவேன்.

ஏலத்தோட்டத்துக்கு இந்த அறைகூட எளிதில் வாய்க்கவில்லை. 1951 சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா என்று நான்கைத்தான் தோட்டம் என்றது. ஏலக்காய் உள்ளே வந்தது 1981 திருத்தத்தில். அப்போதும் ஐம்பது பெண்களோ இருபது பிள்ளைகளோ இருந்தால்தான் காப்பகம். கேரளத்து மலையில் ஏலக்காடுகள் பல சின்னச் சின்னக் கைகளில் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையைத் தொடாமலே ஒரு தோட்டம் தலைமுறை கடந்துவிடும். அதோடு நம் ஊர்ப் பெண்கள் அங்கே தங்குவதில்லை. கம்பம், கூடலூர், போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் அடைந்து, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ ஏறி, காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறார்கள். பிள்ளையை ஏற்ற ஜீப்பில் இடம் ஏது? முன்பு தாயோடு வரப்பு வரைக்கும் போன கைப்பிள்ளை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ நின்றுவிட்டது. பிள்ளை பதினைந்து மாதமாகும்வரை தினம் இருமுறை பால் கொடுக்க இடைவேளை உண்டு என்று 1961-ஆம் வருட மகப்பேறு நலச் சட்டம் சொன்னதை ஜீப்பில் போகும் பெண்ணிடம் சொன்னால் சிரிப்பாள். பிள்ளை அடிவாரத்தில், அவள் மலைமேல்.

அரசு கீழே ஒன்றும் செய்யாமல் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 1980-இல் உலக வங்கிக் கடனோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அன்றைய மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில்தான் முதலில் ஆரம்பித்தது. தேனியும் அப்போது மதுரை மாவட்டம்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளையை மாதாமாதம் எடை பார், இளைத்தால் சத்துணவு கொடு என்பது திட்டம். அருமையான திட்டம். ஆனால் பிள்ளையை எடை போட்டுத் திருப்பி அனுப்பும் இடம் அது, வைத்துப் பார்க்கும் இடமல்ல. பால்வாடியில் உட்கார்த்திக்கொள்வது இரண்டு வயதுக்கு மேல், அதாவது தானாகப் போய் உட்காரத் தெரிந்தபிறகு. துணி மாற்ற வேண்டிய வயது முழுக்க வெளியே. நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலிக்குப் போட வேண்டும் என்றிருந்தது. கண்மாய்க் கரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்குப் பிள்ளை கழுவத் தண்ணீர் யார் கொண்டுவருவது என்று எழுதவில்லை. 1948 சட்டத்துக்கு மாதிரி விதி எழுதியவர்கள் எழுதினார்கள்.

இந்த இடைவெளியில்தான் பேம்பர்ஸ் நுழைந்தது. அமெரிக்காவில் 1961-இல் விற்பனைக்கு வந்த சரக்கு, 1980-களில் ஈரத்தை உறிஞ்சும் ஜெல் சேர்ந்தபின் மெலிந்து, நம் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் பக்கத்தில் ஒற்றை ஒற்றையாகத் தொங்குகிறது. எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் பெயர் பேம்பர்ஸ்தான். நான் அதற்கு எதிரி இல்லை. முழங்கால் தேய்ந்த கிழவிக்கு அது பெரிய உபகாரம். ஆனால் ஜீப் கிளம்பும்போது தாய் கட்டிவிட்டதை ஜீப் திரும்பும்வரை அவிழ்க்காத வீடுகளை நிறையப் பார்த்தேன். "மேல தொட்டா ஈரமே இல்லையே நர்சம்மா, அப்புறம் எதுக்கு ஒண்ணை வீணாக்கணும்?" என்று ஒரு பாட்டி கேட்டார். அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. நாளைக்கு நான்கு என்றால் கூலியில் அது கணிசமான துண்டு. தூளியில் ஈரம் சொட்டிக் காட்டிக்கொடுத்தது. ஜெல் அதை மறைத்துவிடுகிறது.

தோல் ஏன் வேகிறது என்பதை இப்படித்தான் அவரிடம் விளக்கினேன். மலத்தில் உள்ள கிருமி மூத்திரத்தை அம்மோனியாவாக்கும். இதை 1921-லேயே குக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். அந்தக் காரம் ஏறினால் மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் முறுக்கேறிப் பிள்ளையின் தோலையே செரிக்கத் தொடங்கும். அதனால் மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். மூத்திரம் மட்டும் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் போகலாம். நடுவில் ஒரு மணி நேரமாவது ஒன்றும் கட்டாமல் தூளியில் போட்டால் தோல் தானே ஆறும். கடைசிச் சொல்லுக்குத்தான் பாட்டி முகம் தெளிந்தது. "அதைத்தான நாங்க செஞ்சோம்" என்றார். கழற்றியதை எரித்தால் பிள்ளைக்குச் சூடு பிடிக்கும் என்று பயந்து வாய்க்காலில் போட்டுவந்தார். அதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. நகராட்சி வண்டி அவர் தெருவுக்கு வருவதில்லை.

தேனியிலும் கம்பத்திலும் இப்போது பணம் கட்டிப் பிள்ளையை விடும் டே கேர்கள் வந்துவிட்டன. காலையில் பையில் நான்கு டயப்பர், இரண்டு மாற்றுடுப்பு வைத்து அனுப்பச் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு மாற்றினோம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்கள். பள்ளி ஆசிரியை, வங்கி ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போகின்றன. கூலிவீட்டுப் பிள்ளைக்கென்று ஒன்றிய அரசு வைத்திருக்கும் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் ஆறு மாதப் பிள்ளையிலிருந்து சேர்த்துக்கொள்ளும். 2022 முதல் பால்னா என்று பெயர் மாறி, அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தச் சொல்கிறார்கள். பழைய திட்டத்தின் விதிப்படி காப்பகம் நாளைக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்கும். ஏலக்காட்டு ஜீப் ஐந்து மணிக்குக் கிளம்பி அந்தி ஐந்து, ஆறு மணிக்குத் திரும்புகிறது. இங்கே ஒரு காப்பகம் திறப்பதென்றால் ஜீப் நேரத்துக்குத் திறக்கட்டும், பிள்ளைக்கு ஒன்றரைக் குடம் தண்ணீரும் எழுதி வைக்கட்டும்.