பழி சுமந்த பெயர்

யூதாஸ் என்றதும் முப்பது வெள்ளிக்காசும் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த செயலுமே நம் நினைவில் எழும். ஆயின், தொடக்கத்தில் அஃது இழிபெயரன்று. யாக்கோபின் நான்காம் மைந்தன் யூதாவின் பெயரே கிரேக்க வழக்கில் யூதாஸ் ஆயிற்று. துதி என்னும் பொருளோடு தொடர்புடையது. கி.மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்த மாவீரனும் யூதாஸ் மக்கபேயுவே. பன்னிரு சீடருள்ளும் இப்பெயரினர் இருவர்! மற்றவரைச் சுட்டுங்கால் யோவான், இஸ்காரியோத்து அல்லாதவர் என்று விலக்கிக் கூற நேர்ந்தது. ஆங்கிலேயர் அவரை ஜூட் என்று வேறாக்கியே அழைத்தனர்.

பெருங்கேடு விளைத்தது, யூதர் என்னும் இனப்பெயரோடு இப்பெயர் ஒலியால் நெருங்கியிருந்தமையே. இயேசுவும் ஏனைய பதினொரு சீடரும் யூதரே என்பதை ஐரோப்பியர் பலர் எளிதில் மறந்தனர். ஒருவன் பழி ஓரினத்தின் தலையில் ஏறிற்று. இத்தாலியின் பதுவா நகரில் ஓவியர் ஜியோட்டோ யூதாஸுக்குத் தீட்டிய மேலாடை மஞ்சள். பல நாடுகளில் யூதர் அணியுமாறு விதிக்கப்பட்ட அடையாளத்தின் நிறமும் மஞ்சளே.

நம்மவர் வாயில் புழங்கும் எட்டப்பன் என்னும் சொல்லும் ஏறத்தாழ இவ்வாறு அமைந்ததே. பாரதி பிறந்த எட்டயபுரத்தை ஆண்டோர் வழிவழியாகத் தாங்கிய பட்டம் அது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட வரலாற்றோடு பிணைந்து வசையாயிற்று. அவ்வசை ஊரெங்கும் பரவ, 1959இல் வெளிவந்த திரைப்படமும் துணைசெய்தது.