வாலுக்கு ஒரு சிலிங்: பிரித்தானியாவிற் சாம்பல் அணில்

வேற்று நாட்டிலிருந்து வந்து பெருகிய விலங்கினை உண்டே ஒழித்துவிடலாம் என்ற கருத்து இன்று பிரித்தானியாவில் ஒலிக்கின்றது. சாம்பல் அணிலின் இறைச்சி அங்குச் சில உணவகங்களிற் பரிமாறப்படுகின்றது. ஆயின் வரலாறு இந்நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை.

வட அமெரிக்காவுக்குரிய இவ்வணில் அங்கு நெடுங்காலம் வேட்டையுணவாக விளங்கியது. பிரித்தானியச் செல்வந்தரோ அழகின் பொருட்டே அதனை வரவழைத்தனர். 1876இல் அது செஷயரின் ஹென்பரிப் பூங்காவில் விடப்பட்டது. பின்னர் பெட்ஃபோர்ட் கோமகன் தமது வோபேண் பூங்காவிலிருந்து பல இடங்களுக்கும் அதனை வழங்கினார். விளைவு யாது? உணவுப் போட்டியாலும், தான் பாதிப்புறாது காவிய அம்மை வைரசினாலும், உள்நாட்டுச் செவ்வணிலை இங்கிலாந்தின் பெரும்பகுதியினின்றும் அது அகற்றியது. பட்டையை உரித்து மரங்களையுங் கெடுத்தது.

1937இல் அதனை வளர்ப்பதும் விடுவிப்பதும் தடைசெய்யப்பட்டன. 1953இல் அரசு வாலொன்றுக்கு ஒரு சிலிங் வழங்கத் தொடங்கியது. பின்னர் அது இரண்டாயிற்று. பெருந்தொகையான அணில்கள் கொல்லப்பட்டும் இனம் குன்றவில்லை. வெறுமையான காடுகளை அயற்காட்டு அணில்கள் விரைவில் நிரப்பின. 1958இல் திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கு மாறான நிகழ்வொன்று அண்டை நாடான அயர்லாந்தின் மத்திய பகுதியிற் காணப்பட்டது. பைன் மார்ட்டின் என்னும் ஊனுண்ணி மீண்டும் பெருகிய காடுகளிற் சாம்பல் அணில் அருகிச் செவ்வணில் மீண்டமையை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அவ்வூனுண்ணியை முன்னர் வேட்டையாடி அருகச்செய்தவனும் மனிதனே.

அணிற்கறி உண்பதிற் குற்றமில்லை. ஆனால் விலைக்குக் கொல்பவனுக்கு அடுத்த ஆண்டும் அணில் வேண்டும்; காட்டின் தேவையோ வேறு. இவ்வேறுபாட்டை உணராத கொள்கை வால்களை எண்ணுமேயன்றிக் காட்டைக் காவாது.