பதினோரு மாதம்

வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நான் முதலில் திறந்தது அப்பாவின் டிரங்குப் பெட்டியை. அதற்குள் 1996இல் எழுதிய ஒரு வாடகை ஒப்பந்தம் இருக்கும் என்று தெரியும். அதைப் பார்த்து அப்படியே ஒன்று டைப் அடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த போர்ஷனுக்கான ஒப்பந்தம் அது. நான்கு குடித்தனம், ஒரு கைப்பம்பு. வாடகை 1,400 ரூபாய். அட்வான்ஸ் 14,000 ரூபாய். காலம் பதினோரு மாதம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் கேட் பூட்டப்படும். கீழே அப்பாவின் கையெழுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக.

ஆணி விதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாத்தா இறந்தபோது அவர் படத்தை மாட்ட இடமில்லாமல் பீரோ மேல் சாய்த்து வைத்திருந்தோம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் தாத்தா விழுந்துகொண்டே இருப்பார்.

இப்போது நான் ஹவுஸ் ஓனர். தாம்பரத்தைத் தாண்டி அப்பா வாங்கிப்போட்ட மனையில் கீழ்வீடு ஏற்கெனவே இருந்தது. மேலே ஒரு போர்ஷன் எடுத்தோம். 22 லட்சம் ஆனது. 10 லட்சம் அப்பாவின் பி.எஃப். பணம். மீதி 12 லட்சம் நான் வாங்கிய வங்கிக் கடன். 8.75 சதவீத வட்டி, 15 வருடம், மாதத் தவணை ஏறக்குறைய 12,000. வாடகை 13,000 போகும் என்றார் புரோக்கர். “அது பாட்டுக்கு அதைக் கட்டிடும் சார், நீங்க கவலையே பட வேணாம்.”

இங்கேதான் முதல் பாடம். மாதம் ஆயிரம் மிச்சம், வருடத்துக்கு 12,000. வீடு ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் போவது 13,000. அதாவது ஒரு மாதப் பூட்டு ஒரு வருட லாபத்தை முழுங்கிவிடும். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், ஆள் மாறும்போதெல்லாம் பெயிண்ட் ஆகியவற்றை நான் இன்னும் சேர்க்கவேயில்லை.

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பு. கட்டிய 22 லட்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், வருட வாடகை 1,56,000 என்பது ஏழு சதவீதம். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மேல்வீடு ஆகாயத்தில் நிற்கவில்லையே. மனையின் இன்றைய மதிப்பில் பாதியைச் சேர்த்தால் முதலீடு 52 லட்சம் ஆகிறது. வாடகை வெறும் மூன்று சதவீதம். இந்திய நகரங்களில் குடியிருப்பு வாடகை பெரும்பாலும் இந்த இரண்டு, மூன்று சதவீதத்தில்தான் நிற்கிறது. வீட்டுக்கடன் வட்டியோ எட்டு, ஒன்பது. வாடகையை நம்பிக் கடன் வாங்குகிறவர் உண்மையில் நம்புவது மனை விலை ஏறும் என்பதைத்தான்.

மதுரை மாமா போனில் வேறு யோசனை சொன்னார். “ஒத்திக்கு விட்டுருடா. மொத்தமா கைக்கு வரும்.” சென்னையில் இதை லீசு என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வது, மாத வாடகை கிடையாது, காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பித் தர வேண்டும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இதன் நெருங்கிய உறவினர் போக்கிய அடமானம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில். நான் தவணை கட்டத் தவறினால், ஒத்திக்கு வந்தவரின் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். “அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்கடா” என்றார் மாமா. பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் 1996இல் எதையாவது பார்த்தோமா?

*

சரி, ஒப்பந்தத்துக்கே வருவோம். ஏன் பதினோரு மாதம்?

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அல்லது வருடக் கணக்கிலான குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. பதிவென்றால் கட்டணம், முத்திரைத்தீர்வை, அலுவலக வரிசை. அதனால் தெரு ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டது. நூறு ஆண்டுக்கும் மேலாக இந்த நாட்டில் பல கோடிப் பேர் பதினோரு மாதக் காலண்டரில் குடியிருந்திருக்கிறார்கள். எங்கள் பதினோரு மாதம் ஒன்பது வருடம் ஓடியது.

சட்டம் ஓர் எண்ணைச் சொல்லும், தெரு அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடிக்கும். அப்பாவின் ஒப்பந்தத்தில் இருந்த ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருந்தது.

சென்னையின் வாடகைக் கட்டுப்பாடு போரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், மதராஸ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற அச்சத்தில் நகரமே மூட்டை கட்டியது. பிறகு போனவர்களும் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். 1941 கணக்கெடுப்பில் ஏழே முக்கால் லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது. நகர எல்லை விரிந்ததும் அதில் சேர்த்தி. ஆனால் வீடுகள் அந்த வேகத்தில் முளைக்கவில்லை. ஒரு வீடு நான்கு போர்ஷனாகப் பிரிந்ததும், தாழ்வாரங்கள் சமையலறை ஆனதும் இந்த நெருக்கடியில்தான்.

தற்காலிகமாக வந்த கட்டுப்பாடு போகவில்லை. 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960இல் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் என்ற நீண்ட பெயருடன் நிலைத்தது. அந்தச் சட்டப்படி, வீடு காலியானால் ஏழு நாளுக்குள் ஓனர் அரசு அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசுக்குத் தேவையென்றால் எடுத்துக்கொள்ளும். குடியிருப்பவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, உள்குத்தகைக்கு விட்டது, சொந்த உபயோகத்துக்குத் தேவை என்று சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்.

வாடகைக்குக் குடியிருந்தே வளர்ந்தவனாக இதைப் படித்தபோது என் மனம் கைதட்டியது. ஓனராக அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது வயிற்றைக் கலக்கியது. ஒரே ஆள்தான், இரண்டும்.

அட்வான்ஸ் கதையைப் பாருங்கள். 1960 சட்டம் முன்பணமாக அனுமதித்தது ஒரே ஒரு மாத வாடகை. சென்னைத் தெரு வாங்கியது பத்து மாதம். எங்கள் 14,000 ரூபாயில் 12,600 சட்டத்துக்குப் புறம்பானது என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் வீடு கிடைக்காது. அந்தப் பத்து மாதம், ஆளை எழுப்ப முடியாமல் போய்விடுமோ என்ற ஓனரின் பயத்துக்கு வைத்த விலை. சட்டம் குடித்தனக்காரரைக் காப்பாற்றக் காப்பாற்ற, உள்ளே நுழைவதற்கான விலை ஏறியது. உள்ளே இருப்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பின் செலவில் ஒரு பங்கை வெளியே நின்றவர் கொடுத்தார்.

‘நியாய வாடகை’ இன்னொரு வேடிக்கை. 1973இல் வந்த திருத்தம், குடியிருப்புக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் நியாய வாடகை என்றது. மொத்த மதிப்பில் மனையின் சந்தை விலையும் உண்டு. தேய்மானத்தை விட்டுவிட்டு என் மேல்வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 52 லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் 4,68,000. மாதம் 39,000 ரூபாய்! குடித்தனக்காரரைக் காக்க வந்த சூத்திரம், மனை விலை ஏறியதும் சந்தையைவிட மூன்று மடங்கு கேட்கிறது. அடிமட்ட வாடகையில் பல காலம் இருந்த பழைய குடித்தனக்காரர்கள் மீது, வாடகையை உயர்த்தச் சொல்லி ஓனர்களே நியாய வாடகை மனு போட்டதன் ரகசியம் இதுதான்.

எண்கள் காலாவதியாகும். அதே சட்டத்தில், மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்றொரு பிரிவு இருந்தது. 1973இல் 400 கொடுத்தவர் வசதியானவர். 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. அதற்குள் 400 சாதாரணத் தொகை ஆகிவிட்டிருந்தது.

பம்பாயில் எண்ணை இறுக்கிக் கட்டியே வைத்தார்கள். 1947 சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த அளவில் உறைய வைத்தது. வாடகை சில்லறை ஆனதும் ஓனர் ரிப்பேர் செய்வதை நிறுத்தினார். கைமாற்றுக்குக் கணக்கில் வராத ‘பகடி’ப் பணம் புழங்கியது. அந்த உறைநிலை நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னது. கட்டடங்கள் அதுவரை காத்திருக்கவில்லை, உதிர்ந்துகொண்டிருந்தன.

தமிழ்நாட்டின் புதிய சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று அளவு வைத்தது. பதினோரு மாதம் என்று எழுதினாலும் இந்தப் பதிவிலிருந்து தப்ப முடியாது. புதிதாக வாடகைக்கு விடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான், டிரங்குப் பெட்டியை அல்ல.

*

ஆனால் 1996 ஒப்பந்தத்தில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. இந்தச் சட்டங்கள் எதிலும் அதற்கு எண் கிடையாது.

வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பாவிடம் முதலில் கேட்கப்பட்டது சம்பளம் அல்ல. “எந்த ஊர் பக்கம்?” என்பார்கள். அப்பா மாவட்டத்தைச் சொல்வார். “அதுல எங்க?” தாலுகாவைச் சொல்வார். “தாலுகால?” இந்த இடத்தில் அப்பா ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியிலேயே பாதி வீடுகள் கைவிட்டுப் போயின. மீதி வீடுகளில் அடுத்த கேள்வி, “நான்வெஜ் சமைப்பீங்களா?”

2005இல் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், தன் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற சங்க விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொதுக் கிணற்றுக்கும் கடைக்கும் ஹோட்டலுக்கும் அரசியலமைப்பு சொன்னதை, வாடகை வீட்டுக்கு அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பதற்குச் சட்டம் உண்டு. யாருக்குக் கதவைத் திறப்பது என்பது நடைமுறையில் ஓனரின் இஷ்டம்.

என் டூ-லெட் போர்டு இரண்டாவது மாதமும் தொங்கியது. இரண்டு வருட லாபம் போயாயிற்று. வந்தவர்களில் மூன்று பேரை அம்மா தட்டிவிட்டாள். “சரியா வராதுடா.” ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு. அவர் ஏ.சி. மெக்கானிக். தண்ணி, கரண்ட் எல்லாம் பேசி முடித்தார். அம்மா கேட்டாள், “எந்த ஊர் பக்கம், தம்பி?”

மாவட்டத்தைச் சொன்னார். “அதுல எங்க?” தாலுகாவைச் சொன்னார்.

அம்மா அடுத்ததற்கு வாயைத் திறந்தாள். அவர் ஒரு நொடி நின்றார். குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். எனக்கு அந்த நொடியைத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, “எப்ப வர்றீங்க?” என்றார்.

அம்மா காபி போட உள்ளே போனாள். கொஞ்சம் சத்தமாகவே பாத்திரம் எடுத்தாள். ஆனால் நான்கு டம்ளர் வந்தது.

எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த மூன்று பேரை நான் திருப்பிக் கூப்பிடவில்லை. அவர்கள் வேறெங்கோ தாலுகாவைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

புது ஒப்பந்தத்தை நானே அடித்தேன். மூன்று மாத அட்வான்ஸ், பதிவு, வாடகை உயர்த்துவதானால் மூன்று மாதம் முன்னால் நோட்டீஸ். காலம் என்ற இடத்தில் விரல் தானாகப் பதினொன்று என்று அடித்தது. அப்படியே விட்டுவிட்டேன். பயம் எனக்கும் இருக்கிறது. ஆணி விதியை மட்டும் எடுத்தேன்.

அவர்கள் குடிவந்த அன்று சாயங்காலம் மேலே டொக், டொக் என்று சத்தம். அம்மா கூரையைப் பார்த்தாள். “புதுச் செவுருடா...” என்றாள். அப்பா பேப்பரை மடித்தார்.

“படம் மாட்டுறாங்க போல” என்றார்.