பர்வதமலை ஏறும் பக்தர்களே... பையில் சாமிக்கு பால் மட்டும் போதாது, உங்களுக்கு தண்ணி இருக்கா?

தேசூர்:-

தேசூர், சேத்துப்பட்டு, வந்தவாசி, ஆரணி சுற்று வட்டாரத்தில் பட்டுத்தறி நெய்பவர்களுக்கு அமாவாசை என்றால் தறிக்கு லீவு. அன்றைக்கு குடும்பத்தோடு கோவிலுக்கு கிளம்புபவர்கள் ஏராளம். அதில் பலர் தேர்ந்தெடுப்பது பர்வதமலை. பவுர்ணமி, மகா சிவராத்திரி, மார்கழி 1-ந்தேதி என்றால் கேட்கவே வேண்டாம். மலைப்பாதை முழுவதும் தலைகளாகத்தான் தெரியும்.

ஆனால் மலை ஏறுபவர்களின் பையை திறந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சாமிக்கு 2 லிட்டர் பால் இருக்கும். பன்னீர், விபூதி, சந்தனம், வில்வம், மாலை எல்லாம் இருக்கும். தனக்கு குடிக்க அரை லிட்டர் தண்ணி பாட்டில்தான் இருக்கும். பாதி மலையில் நாக்கு வறண்டு, கண் இருட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து விடுவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

சபரிமலைக்கு கட்டும் இருமுடியை நினைத்து பாருங்கள். முன்முடி சாமிக்கு. பின்முடி நடந்து போகிறவருக்கு. மலைக்கு போகிறவன் சாப்பாட்டையும் சேர்த்து கட்டவேண்டும் என்று பெரியவர்கள் அன்றே வைத்த கணக்கு அது. பர்வதமலைக்கும் அதே கணக்குதான். பையில் பாதி சாமிக்கு என்றால் மீதி பாதி உங்களுக்கு இருக்க வேண்டும்.

4,560 அடி உயரம்

திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் தாலுகாவில் இருக்கிறது பர்வதமலை. உயரம் சுமார் 4,560 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரர், பிரமராம்பிகை கோவில் உள்ளது. சங்க நூலான மலைபடுகடாம், நன்னன் மன்னனின் நவிரமலை என்று சொல்வது இந்த மலையைத்தான் என்பது அறிஞர்கள் கருத்து. பக்தர்களே தங்கள் கையால் சாமிக்கு அபிஷேகம் செய்வது இந்த மலையின் வழக்கம். அதனால்தான் ஆளுக்கு ஆள் பாலும் எண்ணெயும் சுமந்துகொண்டு போகிறார்கள்.

தேசூரில் இருந்து போகிறவர்கள் சேத்துப்பட்டு, போளூர் வழியாக செல்லலாம். போளூரில் இருந்து செங்கம் செல்லும் வழியில் சுமார் 20 கிலோ மீட்டரில் தென்மகாதேவமங்கலம் வருகிறது. ஊர்க்காரர்கள் தென்மாதிமங்கலம் என்பார்கள். இன்னொரு பாதை கடலாடி வழி. எந்த வழியில் போனாலும் ஏறுவதற்கு 3 மணி முதல் 5 மணி நேரம் ஆகும்.

முதலில் படிக்கட்டு, பிறகு கல்லும் மண்ணுமான காட்டுப்பாதை, கடைசியில் கடப்பாறை படல். பாறையில் இரும்பு கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டி வைத்திருக்கும் செங்குத்தான இடம் அது. அந்த இடத்தில் 2 கையும் காலியாக இருக்க வேண்டும். கட்டைப்பை, மஞ்சப்பை, கூடை எல்லாம் அங்கே ஆபத்து. பிள்ளைகளின் ஸ்கூல் பேக் மாதிரி 2 தோளிலும் மாட்டுகிற பைதான் சரி.

தண்ணி எவ்வளவு?

ஒரு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி. இதில் கஞ்சத்தனம் கூடாது. வழியில் கடை இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி போகக்கூடாது. கூட்டம் இல்லாத நாளில் கடை இருக்கும் என்று சொல்ல முடியாது. சுனைத்தண்ணியை அப்படியே குடித்தால் வயிற்றுப்போக்கு வரலாம்.

வெறும் தண்ணி மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதற்கு 2 ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணியில் கரைத்து கொஞ்சம் கொஞ்சமாக குடிக்கலாம். பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணியில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டு கலக்கிக்கொள்ளலாம். சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு, சிறுநீரக கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு குடிப்பது நல்லது.

தாகம் எடுத்த பிறகு மடக் மடக் என்று குடிப்பதைவிட, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை 2 வாய் குடிப்பதுதான் உடம்புக்கு ஏற்றது. இறங்கும்போதும் தண்ணி வேண்டும் என்பதால் உச்சிக்கு போகும்போது பாட்டிலில் பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும்.

சாப்பாடு

புளி சாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி கெடாமல் இருக்கும். வெயில் நேரத்தில் தயிர் சாதமும் தேங்காய் சட்னியும் புளித்துவிடும். வழியில் மெல்ல கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் போதும். வயிறு முட்ட சாப்பிட்டுவிட்டு ஏறினால் மூச்சு வாங்கும். பட்டினியாக ஏறினால் மயக்கம் வரும். விரதம் இருப்பவர்கள் கூட தண்ணியும் பழமும் எடுத்துக்கொள்வது நல்லது.

மலையில் குரங்குகள் அதிகம். கையில் கவர் தொங்கினால் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். வாழைப்பழமும் மாலையும் பைக்குள் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தி தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு தடை உள்ளது. காலி பாட்டில்களை போட்டு கீழே கொண்டுவர ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

உடையும் செருப்பும்

பருத்தி துணி நல்லது. ஆண்கள் வேட்டியை மடித்து இறுக்கி கட்டினால்தான் சங்கிலியில் ஏறும்போது கால் தடுக்காது. டிராக் பேண்ட் இன்னும் சவுகரியம். பெண்களுக்கு சேலையைவிட சுடிதார் வசதி. விசேஷத்துக்கு வாங்கிய பட்டுச்சேலையை மலைக்கு கட்டிக்கொண்டு போனால் சேலையும் போச்சு, நடையும் போச்சு.

உயரம் கூடக்கூட குளிரும் கூடும். அடிவாரத்தைவிட உச்சியில் 7 டிகிரி வரை வெப்பம் குறைவாக இருக்கும். வியர்வையில் நனைந்த பனியனோடு காற்றில் நின்றால் நடுக்கம் எடுக்கும். மாற்று பனியன் ஒன்று, துண்டு ஒன்று, இரவு தங்குபவர்களுக்கு சுவெட்டரும் குரங்கு குல்லாவும் தேவை. மழைக்காலத்தில் குடை பிரயோஜனம் இல்லை. காற்றில் குடை உங்களையே இழுக்கும். ரெயின் கோட்தான் வேண்டும்.

காலில் ரப்பர் செருப்பு வழுக்கும். அடியில் பிடிப்பு உள்ள கேன்வாஸ் ஷூ நல்லது. புது ஷூ வாங்கினால் 10 நாளாவது போட்டு நடந்து பழக வேண்டும். இல்லாவிட்டால் கொப்புளம்தான். வேண்டுதலுக்காக வெறும் காலோடு ஏறுபவர்கள் பாறை சுடுவதற்கு முன்பே, விடியற்காலையில் ஏறிவிட வேண்டும். இறங்கும்போது முழங்காலில் பாரம் விழும் என்பதால் கையில் ஒரு மூங்கில் தடி இருந்தால் மூன்றாவது கால் மாதிரி.

டார்ச் லைட்

பவுர்ணமி இரவில் நிலா வெளிச்சம் போதும் என்று நினைப்பது தவறு. மரத்தடியில் இருட்டுதான். அமாவாசைக்கு சொல்லவே வேண்டாம். ஆளுக்கு ஒரு டார்ச் லைட் அவசியம். நெற்றியில் மாட்டும் லைட் என்றால் கை 2-ம் காலியாக இருக்கும். செல்போன் டார்ச்சை நம்பினால் சார்ஜ் இறங்கி, அவசரத்துக்கு போன் பண்ணவும் முடியாமல் போகும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது என்பதையும் மறக்கக்கூடாது. எப்போது கிளம்பினோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு போவது நல்லது.

மாத்திரை... முக்கியம்

108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும்தான் வரும். மேலே யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் ஆட்கள் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதற்குள் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024-ம் ஆண்டு சீசனில் மூச்சுத்திணறல், மாரடைப்பு என்று பக்தர்கள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரை பார்த்துவிட்டுத்தான் எந்த மலையாக இருந்தாலும் ஏற வேண்டும்.

பிரஷர், சுகர் மாத்திரை 2 நாளைக்கு உண்டானதை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை பைக்குள் வைக்காமல் சட்டைப்பையில் வைக்க வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை குறைகிறது என்று அர்த்தம். உடனே வாயில் போட 4 மிட்டாயோ, குளுக்கோஸ் பொட்டலமோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பஞ்சு, கட்டுத்துணி, காயத்துக்கு போடும் களிம்பு, வலி தைலம் ஒரு சின்ன டப்பாவில் அடங்கும்.

ஒரு துண்டு காகிதத்தில் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர், ரத்த வகை, என்ன வியாதி, என்ன மாத்திரை என்று எழுதி மேல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மயங்கி விழுந்தவரால் பேச முடியாது. அந்த சீட்டு பேசும்.

நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, குப்பென்று வியர்வை, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சு வாங்கல்... இதில் எது வந்தாலும் அதற்கு மேல் ஒரு படி கூட ஏறக்கூடாது. கூட வந்தவர்கள் 'கொஞ்சம் தூரம்தாம்பா' என்று இழுத்துக்கொண்டு போவதும் கூடாது.

மழை வந்தால்

2025 ஆகஸ்டு மாதம் பர்வதமலையில் மழையின்போது ஓடையில் திடீர் வெள்ளம் வந்து, சென்னையில் இருந்து வந்த 2 பெண்கள் அடித்து செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஏறும்போது காய்ந்து கிடக்கும் ஓடை, மேலே மழை பெய்தால் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். ஓடும் தண்ணியில் கால் வைக்காமல், வடியும் வரை மேடான இடத்தில் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். அப்படி காத்திருக்கும்போது கைகொடுப்பது பையில் மிச்சம் இருக்கும் தண்ணியும், கடலை மிட்டாயும், டார்ச் லைட்டும்தான்.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு

நாள் முழுக்க தறிக்குழியில் காலை விட்டு, மிதி மிதித்து நெய்பவர்களுக்கு கால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் உட்கார்ந்தபடி மிதிப்பது வேறு, உடம்பு பாரத்தை தூக்கி மேலே ஏறுவது வேறு. அதனால் 15 நாளைக்கு முன்பே தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து பழக வேண்டும். வந்தவாசி பக்கம் வெண்குன்றம் தவளகிரி மலையும், பொன்னூர் மலையும் இருக்கின்றன. ஒரு லீவு நாளில் பையில் 5 கிலோ பாரம் வைத்துக்கொண்டு அங்கே ஏறி பார்த்தால் நம் காலும் மூச்சும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அமர்நாத், கயிலாயம் போகிறவர்களுக்கு

வடக்கே இமயமலை யாத்திரை போகிறவர்களுக்கு இந்த பை மட்டும் போதாது. காஷ்மீரில் உள்ள அமர்நாத் குகை கோவிலின் உயரம் சுமார் 12,756 அடி. பர்வதமலையைப்போல் கிட்டத்தட்ட 3 மடங்கு. 8,000 அடிக்கு மேல் போனால் காற்றில் பிராண வாயு குறைவாக கிடைப்பதால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். அதை பொறுத்துக்கொண்டு ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. கீழே இறங்குவதுதான் முதல் மருந்து.

அமர்நாத்துக்கு டாக்டர் சான்றிதழ் கட்டாயம். 13 வயதுக்கு கீழும் 70 வயதுக்கு மேலும் அனுமதி இல்லை. ஒரே தடிமனான உடையைவிட, உள்ளே தெர்மல், நடுவில் சுவெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக போடுவது நல்லது. கம்பளி சாக்ஸ் 3 ஜோடி, கையுறை, பனியில் கண் கூசாமல் இருக்க கூலிங் கிளாஸ் வேண்டும். சேலை அங்கே சரிப்படாது. வெளிமாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு சிம் உள்ள ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும்.

2020-ல் நின்றுபோன கயிலாய மானசரோவர் யாத்திரை 2025-ல் மீண்டும் தொடங்கியது. மானசரோவர் ஏரியே சுமார் 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு பாஸ்போர்ட்டும் மருத்துவ பரிசோதனையும் கட்டாயம்.

பையில் இருக்க வேண்டியவை (பர்வதமலை, ஒரு ஆளுக்கு)

* தண்ணி 3 லிட்டர், ஓ.ஆர்.எஸ். 2 பொட்டலம்
* ஒரு வேளை சாப்பாடு, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்
* டார்ச் லைட், மாற்று பேட்டரி
* மாத்திரை, மிட்டாய், காயத்துக்கு மருந்து
* விவரம் எழுதிய சீட்டு, ஆதார் நகல், சில்லறை பணம்
* மாற்று பனியன், துண்டு, சுவெட்டர், மழைக்காலத்தில் ரெயின் கோட்
* குப்பை கொண்டுவர துணிப்பை
* சாமிக்கு: பால் அரை லிட்டர், விபூதி, கற்பூரம், வில்வம்

மொத்தம் 6 கிலோவுக்கு மேல் வேண்டாம். 10 பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு ஒரு அபிஷேக சாமான் என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. எண்ணெய் ஒருவர், பன்னீர் ஒருவர், சந்தனம் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணியை மட்டும் பிரிக்கக்கூடாது. அவரவர் தண்ணி அவரவர் முதுகில்தான் இருக்க வேண்டும். முன்னால் போனவர் பையில் இருக்கும் தண்ணி, பின்னால் தவிப்பவருக்கு உதவாது.

வீட்டிலேயே வைத்துவிட்டு போக வேண்டியவையும் உண்டு. தங்க நகை, பீடி, சிகரெட், மது. வெயில் காலத்தில் காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் மலையே எரியும். வனத்துறை சட்டப்படி அது குற்றம். கற்பூரத்தையும் வழியில் ஏற்றாமல் கோவிலில் மட்டும் ஏற்ற வேண்டும்.

முடியவில்லை என்றால் பாதியில் திரும்புவதில் தப்பே இல்லை. அடிவாரத்தில் பச்சையம்மன் கோவில் இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினால் அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் வரலாம்.