ஸுவா ஏரிக்கரை வெந்நீர் விடுதிகள்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷூவின் நடுப்பகுதியில், நாகானோ மாகாணத்து மலைகள் சூழ, கடல்மட்டத்துக்கு 759 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஸுவா ஏரியின் கரையில், காமிஸுவா, ஷிமோஸுவா என்னும் இரண்டு ஊர்கள் வெந்நீரூற்றுகளுக்கும், அவ்வூற்றுகளைச் சார்ந்து வளர்ந்த ரியோக்கான் என்னும் பழைய சம்பிரதாய விடுதிகளுக்கும் பேர்போனவை. ஏரியின் சுற்றளவு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஆழமோ அற்பம், மிக ஆழ்ந்த இடத்திலும் சுமார் 7 மீட்டர்தான். ஜப்பானிய நிலத்தைப் பிளந்து செல்லும் இரு பெரும் நிலப்பிளவுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் தரை தாழ்ந்து உண்டான பள்ளமே இவ்வேரியாதலால், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஜலமும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும் ஜலமும் ஒரே கரையில் அடுத்தடுத்துக் காணப்படும் விசேஷம் இவ்வூர்களுக்கு வாய்த்தது.

ஊர்மக்கள் சொல்லும் காரணம் வேறு. ஸுவாவின் மகா ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் தக்கேமினகட்டா என்னும் தேவனுக்கும், அவர் பத்தினியாகிய யசகடோமேக்கும் ஒரு சமயம் பிணக்கு உண்டாயிற்றாம். கோபித்துக்கொண்டு வடகரைக்குப் புறப்பட்ட தேவி, தாம் நித்தியம் நீராடிய வெந்நீரைப் பஞ்சில் தோய்த்துக் கையோடு எடுத்துச் சென்றார். வழியில் சொட்டிய இடங்களெல்லாம் காமிஸுவாவின் ஊற்றுகளாயின. பஞ்சை இறக்கி வைத்த இடம் ஷிமோஸுவாவின் ஊற்றாயிற்று. வெந்நீரை விட்டுப் பிரிய மனமில்லாத தெய்வத்தைப் படைத்துக்கொண்ட ஜனங்கள், குளியலை எத்தனை பெரிய விஷயமாகக் கருதினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கணவர் சும்மா இருக்கவில்லை. ஏரி உறைந்தபின் பனிக்கட்டி விரிந்தும் சுருங்கியும் வெடித்து, கரையிலிருந்து கரைக்கு ஒரு வரப்புப்போல் உயர்ந்து நிற்பது, அவர் தேவியைக் காண நடந்து சென்ற தடம் என்பது ஐதிகம். ‘ஓமிவத்தாரி’ எனப்படும் இந்த வரப்புத் தோன்றியதையும் தோன்றாததையும் 1443ஆம் ஆண்டு முதல் எழுதி வைத்து வருகிறார்கள். பக்தியினால் தொடங்கிய இக்குறிப்பு, இன்று பருவநிலை ஆராய்வோருக்கு விலைமதிக்க முடியாத ஆவணமாகிவிட்டது. 2018க்குப் பிறகு பல குளிர்காலங்கள் அந்த வரப்பு இன்றியே கழிந்திருக்கின்றன.

எடோ நகரத்தையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலைவழியாக இணைத்த நகஸெண்டோ என்னும் ராஜபாட்டையில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றுள் வெந்நீரூற்று உடையது ஷிமோஸுவா ஒன்றே. அப்பாட்டையின் கடுமையான ஏற்றங்களில் ஒன்றாகிய வடா கணவாயைக் கால்நடையாகக் கடந்து இறங்கும் பிரயாணிக்கு முதலில் எதிர்ப்படும் ஊர் அதுவாகையால், அங்கே நீராடாமல் போனவர் குறைவாகவே இருந்திருப்பர். 1905இல் காமிஸுவாவுக்கு ரயில் வந்தபின், டோக்கியோவாசிகளுக்கு ஏரிக்கரை எட்டும் தூரமாயிற்று; மூட்டை சுமந்த வழிப்போக்கருக்காக ஏற்பட்ட சத்திரங்கள், ஓய்வுக்கென்றே வருவோருக்கான விடுதிகளாக மாறத் தொடங்கின.

எனினும் இங்கே வெந்நீர் முதலில் ஊராருடையது, பிறகே விடுதியாருடையது என்பதை மறத்தலாகாது. காமிஸுவாவில் சாதாரண வீடுகளுக்கும் குழாய் வழியே ஊற்றுநீர் செல்கிறது. தெருவோரப் பொதுக் குளியலறைகளும் உள்ளன. பட்டு நூல் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய கட்டகுரா குடும்பத்தார், ஐரோப்பாவில் ஊராருக்கென அமைந்திருந்த நல்வாழ்வு மனைகளைக் கண்டு வந்து, 1928இல் ஏரிக்கரையில் கட்டிக்கொடுத்த கட்டகுராக்கான், இந்த மனப்பான்மையின் சிகரம். அதன் ‘ஆயிரம் பேர் தொட்டி’யில் உண்மையில் சுமார் நூறு பேர் இறங்கலாம், ஆழம் 1.1 மீட்டர், உட்கார்ந்து கழுத்தளவு அமிழ இயலாது, நின்றுகொண்டுதான் நீராட வேண்டும், அடியில் பரப்பிய கூழாங்கற்கள் உள்ளங்காலை உறுத்தி உறுத்தி அலுப்பைப் போக்குகின்றன. 2011இல் இக்கட்டடம் நாட்டின் முக்கிய கலாசாரச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

எந்த நீரை ஓன்சென், அதாவது வெந்நீரூற்று, என்று அழைக்கலாம் என்பதற்கும் ஜப்பானில் சட்டம் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றுக்கண்ணில் நீர் 25 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத உஷ்ணம் உடையதாயிருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றேனும் உரிய அளவு கலந்திருக்க வேண்டும். நீரின் சேர்மானத்தை விவரிக்கும் பத்திரம் ஒன்று உடை மாற்றும் அறையின் சுவரில் தொங்குவது வழக்கம். அதைப் படிப்பவரை நான் அதிகம் கண்டதில்லை.

விடுதியில் தங்குதல் என்பது பெரும்பாலும் ஒரே இரவுக் காரியம். பிற்பகல் 3 மணி அளவில் வந்து, மறுநாள் காலை 10 மணிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதையெல்லாம் விருந்தினர் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளாமல், தம் காலத்தையே விடுதியிடம் ஒப்படைத்துவிடுகிறார். இதனைக் கட்டுப்பாடு என்று கருதி முகம் சுளிக்கும் அந்நியர் உண்டு. ஆனால் தீர்மானம் செய்யும் பாரத்திலிருந்து ஒருவரை ஒரு முழு இராப்பொழுது விடுவிப்பதைவிடப் பெரிய உபசாரம் இருப்பதாகத் தோன்றவில்லை. வாடகையும் இதற்கேற்ப அறைக்கு என்றில்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று, இரவு உணவும் காலை உணவும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பொதுவாக இரவொன்றுக்கு 150 யென் குளியல் வரி தனி. சிப்பந்திகளுக்கு இனாம் எதிர்பார்க்கும் வழக்கம் இல்லை.

வாசலில் பாதரட்சைகளைக் கழற்றியதும், ‘ஒகாமி’ என்னும் எஜமானியம்மாள் வணங்கி வரவேற்க, பணிப்பெண் அறைக்கு அழைத்துச் செல்கிறாள். தத்தாமி என்னும் கோரைப்பாய் பதித்த அவ்வறையில் கட்டில் கிடையாது. குட்டையான மேஜை, உட்காரும் மெத்தைகள், சுவர்மாடத்தில் ஒரு சித்திரச் சுருள், அதன் கீழ் ஒரு பூ. ஜன்னலோரத்தில் இரண்டு நாற்காலிகள் மாத்திரம் கொள்ளும் குறுகிய தாழ்வாரம் ஒன்று ஏரியை நோக்கியிருக்கும். எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கென்றே கட்டிய இடம் ஒன்றுண்டென்றால் அது இதுதான். பச்சைத் தேநீரும் சிறு தின்பண்டமும் முதலில் வருகின்றன. வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் மயக்கம் வருமென்பதால், இது மரியாதை மாத்திரமன்று, முன்ஜாக்கிரதையும் ஆகும். பிறகு யுகாத்தா என்னும் பருத்தி அங்கியை இடப்புறம் மேலே வருமாறு அணிந்துகொள்ள வேண்டும். வலப்புறம் மேலே வருவது பிரேதத்துக்கு உடுத்தும் முறை.

குளியல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் அறைகளை மாற்றி விடுவதால், முந்திய நாள் போன பாதையை நம்பாமல், வாசலில் தொங்கும் திரைத்துணியைப் பார்த்தே நுழைய வேண்டும். ஆடை ஒன்றும் கூடாது. சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்பினால் உடலைத் தேய்த்து, நுரை துளியும் மிஞ்சாமல் கழுவிய பிறகே தொட்டியில் இறங்கலாம். தொட்டி சுத்தமானவர்களுக்கே உரியது. கையிலுள்ள சிறு துண்டை நீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பச்சை குத்தியவரை அனுமதிக்காத விடுதிகள் இன்னமும் உண்டு. நீரின் உஷ்ணம் சுமார் 40 முதல் 42 டிகிரி. பழக்கமில்லாதவர் பத்து நிமிஷத்தில் கரையேறுவது நலம்.

இரவு உணவு குறித்த நேரத்தில் பல சிறு பாத்திரங்களில் முறைமுறையாக வருகிறது. ஏரியில் பிடிக்கும் விரல் நீளமுள்ள வகஸாகி மீன் மாவில் தோய்த்துப் பொரித்ததும், விலாங்கு மீன் கரியடுப்பில் வாட்டியதும் ஸுவாவின் பெருமைகள். ஒவ்வொருவர் முன்னும் கையளவு மண்சட்டி ஒன்றை வைத்து, அதன் கீழ் மெழுகுபோன்ற ஒரு வில்லையைப் பணிப்பெண் பற்றவைத்துப் போகிறாள். வில்லை எரிந்து தானே அணையும் தருணமும் சட்டியிலுள்ளது வேகும் தருணமும் ஒன்றாயிருக்கும்படி அளவிட்டிருப்பதால், வெந்துவிட்டதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஊரின் அரிசி மதுவும் புகழுடையது: நாடெங்கும் மது தயாரிப்போர் கையாளும் ஏழாம் எண் ஈஸ்ட், 1662இல் தோன்றிய மஸுமி என்னும் ஸுவா மதுச்சாலையில்தான் 1946இல் கண்டெடுக்கப்பட்டது. பலர் உணவு முடித்து அறைக்குத் திரும்புகையில், மேஜை ஓரமாக ஒதுக்கப்பட்டு, நடுவில் படுக்கை விரிக்கப்பட்டிருக்கும். காலையில் சோறு, மிஸோ சூப், வாட்டிய மீன், ஊறுகாய். அதற்குமுன் இன்னொரு முறை குளிக்காதவரைக் காண்பது அரிது.

ஏரிக்கரையில் இன்று எழுந்து நிற்பவற்றுட் பல, மரத்தாலான பழைய மனைகளல்ல. பல மாடிக் கட்டடங்கள். ரசிகர்கள் இதற்காக வருந்துகிறார்கள். ஆயினும் மேல்மாடியில் தொட்டி கட்டியதனால், கழுத்தளவு நீரில் இருந்தபடியே ஏரி முழுவதையும் பார்க்கும் வசதி, பழைய மனைகளில் கிடைக்காத ஒன்றேயாம். 1949 முதல் ஆகஸ்டு 15ஆம் தேதி இரவு ஏரியின்மேல் நடைபெறும் வாணவேடிக்கைக்கு ஜனங்கள் லட்சக்கணக்கில் திரளுவதால், அன்று அறை கிடைப்பது துர்லபம். திறந்தவெளித் தொட்டியின் அருமையை அறிய விரும்புவோர் ஜனவரியில் செல்லலாம், அப்போது வெளியே உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே, தலைமயிர் நுனியில் பனி கட்டும், கூட்டமும் இராது.